பிக்கப் வண்டியில் ஆம்பிளிஃபயர்: எங்கே பொருத்துவது?



விளைந்த காய்கறியை மண்டியில் இறக்கிவிட்டு, அவர்கள் சொன்ன விலையை வாங்கிக்கொண்டு திரும்பிய காலம் கொஞ்சம் கொஞ்சமாக மாறி வருகிறது. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. 2020, 2021 ஊரடங்கு நாட்களில் காய்கறி வண்டிகள் தெருத்தெருவாகப் போயின. அதிலிருந்து, நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு பிக்கப் வண்டியில் சரக்கை ஏற்றி, நேரே வீட்டு வாசலில் விற்பது பல ஊர்களில் பழக்கமாகிவிட்டது. தெருவில் நின்று எத்தனை நேரம் கத்த முடியும்? அதனால் ஒரு மைக், ஒரு ஆம்பிளிஃபயர், மேலே ஒரு குழாய் ஸ்பீக்கர் என்று வாங்கி மாட்டுகிறார்கள்.

வாங்கும்போது எத்தனை வாட், என்ன விலை என்று விசாரிக்கிறோம். எங்கே வைப்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. "எங்க எடம் இருக்கோ அங்க வெச்சுட்டா போச்சு சார்" என்பார்கள். அப்படி வைத்த பெட்டி ஆறு மாதத்தில் ஊமையாகிப் போனால் நஷ்டம் சில ஆயிரம். ஆனால் வயர் சூடேறித் தீப்பிடித்தால், கடன் கட்டி முடியாத வண்டியே போய்விடும். ஆகவே முதலில் இடம், பிறகு பெட்டி.

விதையும் பெட்டியும்

விதையைப் பற்றி நாங்கள் அடிக்கடி சொல்லும் ஒரு கணக்கு உங்களுக்குத் தெரியும். சேமிக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு பங்காகும். விதையின் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தாலும் அப்படியே. ஆம்பிளிஃபயருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதற்குள் கெப்பாசிட்டர் என்ற சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன. சூடு 10 டிகிரி ஏறினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றி நிறுத்திய வண்டிக்குள் 50 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். போதாததற்குப் பெட்டியே சூட்டைக் கிளப்புகிறது. பழைய ஏபி வகை ஆம்பிளிஃபயர் முழுச் சத்தத்தில் 100 வாட் ஒலி கொடுக்க, பேட்டரியிலிருந்து 200 வாட் வரை இழுக்கும். மீதி 100 வாட்டும் சூடுதான். இப்போது வரும் டி வகையில் இந்தச் சூடு வெகுவாகக் குறைவு. இடம் நெருக்கடியான வண்டிக்கு டி வகையே நல்லது.

விதை நெல்லுக்கு எப்படி இடம் பார்ப்பீர்களோ, அப்படியே பாருங்கள். வெயில் படக்கூடாது, ஈரம் கூடாது, காற்று வர வேண்டும்.

எங்கே வைக்கக் கூடாது?

பின்னால் சரக்குத் தொட்டி வேண்டவே வேண்டாம். மழையும் தூசியும் மட்டும் காரணமில்லை. அதே வண்டியில்தான் யூரியாவும் பொட்டாஷும் ஏற்றுகிறோம். இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் உப்புகள். சிந்திய தூள் முனைகளில் படிந்தால் செம்பு பச்சை பூத்து அரித்துப்போகும்.

இன்ஜின் பக்கமும் கூடாது. இங்கே வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. பொலிரோ பிக்கப்பில் இன்ஜின் முன்னால் இருக்கிறது. 2005-ல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானையின் டீசல் வண்டியில், இன்ஜின் சீட்டுக்கு அடியில். "சீட்டுக்கு அடியில வை" என்று ஒரு வண்டிக்காரர் சொல்லும் யோசனை அவர் வண்டிக்குச் சரி, உங்கள் வண்டிக்கு அடுப்பாக இருக்கலாம்.

கேபின் கூரையில் தலைகீழாகத் தொங்கவிடுவதும் தவறு. மேலே தகரம் காய்கிறது, பெட்டியின் சூடும் மேலே போக வழியில்லை. டேஷ்போர்டு மேல் கண்ணாடி வழியாக நேர் வெயில் விழும். காலடியில் வைத்தால் சேறும் தண்ணீரும் படும்.

எங்கே வைக்கலாம்?

இரண்டு இடங்கள் பார்க்கலாம். ஒன்று, கிளீனர் பக்கத்துச் சீட்டின் கீழே. இன்ஜின் அங்கே இல்லையென்றால் மட்டும். இரண்டு, சீட்டு முதுகுக்கும் கேபின் பின்சுவருக்கும் நடுவில் உள்ள இடம். பின்சுவரில் வைப்பதானால் பெட்டியின் விசிறி மடிப்புகள் மேலும் கீழுமாக நிற்கட்டும். அப்போதுதான் சூடான காற்று தானாக மேலே ஏறிப் போகும். தகரத்தோடு ஒட்டாமல் ஒரு பிளைவுட் பலகையில் பொருத்தி, சுற்றிலும் மூன்று விரல் இடம் விடுங்கள். ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் அங்கேதான் போட்டிருப்பீர்கள். குலுக்கலில் ஒரு ஸ்பேனர் முனைகளின் மேல் விழுந்தால் போதும், ஷார்ட் ஆகிவிடும். ஆகவே சாமான்களைப் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

துளை போடும் முன் ஒரு வாரம் சோதனை செய்யுங்கள். செலவில்லாத சோதனை. பெட்டியின் அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டியை அந்த இடத்தில் வைத்து, அடியில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். சீட்டை நகர்த்த முடிகிறதா, ஜாக்கியை எடுக்க வருகிறதா என்று தெரிந்துவிடும். தாள் நமுத்துப்போனால் அங்கே ஈரம் இருக்கிறது. ஒரு நடை ஓட்டி வந்த உடனே அங்கே தகரத்தில் கை வைத்துப் பாருங்கள். கை தாங்காவிட்டால் வேறு இடம் தேடுங்கள்.

ஸ்குரூ போடும் முன் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் டீசல் டேங்கோ, பிரேக் பைப்போ இருக்கலாம்.

வயரும் பியூஸும்

பேட்டரிக்குப் பக்கமாக இடம் கிடைத்தால் இன்னும் நல்லது. காரணம் வாய்க்கால் கணக்குதான். கிணற்றிலிருந்து வயல் தூரமானால் வழியிலேயே தண்ணீர் கசிந்து குறைகிறதல்லவா? 200 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 17 ஆம்பியர். இந்த மின்சாரத்தை 5 மீட்டர் தூரம் 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அனுப்பினால், கிட்டத்தட்ட ஒன்றரை வோல்ட் வழியிலேயே போய்விடும். போவது வயரைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும்.

பியூஸை ஆம்பிளிஃபயர் பக்கத்தில் மட்டும் வைத்தால் போதாது. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஒரு பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். வழியில் வயர் உரசி எங்கே தோல் கிழிந்தாலும் அந்த பியூஸ்தான் வண்டியைக் காப்பாற்றும். மேற்சொன்ன கணக்குக்கு 20 ஆம்பியர் பியூஸ் சரி. அது போனால் செம்புக் கம்பியைச் சுற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது மாட்டைக் கட்டாமல் பயிருக்குள் விடுவது போல. தகரத்தில் வயர் நுழையும் துளைக்கு ரப்பர் வளையம் போடுங்கள். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்குங்கள். பவர் வயர் ஒரு பக்கம், மைக் வயர் மறு பக்கம் போகட்டும். சேர்ந்து போனால் இன்ஜின் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும். வண்டியோடு வந்த வயர்களை வெட்டி ஒட்டுப்போட வேண்டாம். வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தாலும், பக்கத்தில் நின்று இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பாட விடாதீர்கள். 60 ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 10 ஆம்பியர் வீதம் மூன்று மணி நேரம் எடுத்தால் பாதி தீர்ந்துவிடும். அப்புறம் நடுத்தெருவில் கீரையை வைத்துக்கொண்டு வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் உள்ள இடம் அமைதிப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கலாம். தவிர, சத்தம் கூடினால் காய் கூடுதலாக விற்றுவிடாது. தெருவில் உள்ளவர்களுக்கு எரிச்சல்தான் வரும். விலை தெளிவாகக் காதில் விழுந்தால் போதும். அதற்குச் சின்ன ஆம்பிளிஃபயரே தாராளம். பெட்டி சிறிதானால் இடமும் சுலபமாகக் கிடைக்கும், சூடும் குறையும், பேட்டரியும் தாங்கும்.