பழைய பிக்கப் கிளம்ப மறுக்கும்போது

செம்பனைக் குலை ஏற்றவும், உரமூட்டை இறக்கவும், பட்டணத்துக்குப் போய்வரவும் தோட்டக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பழைய பிக்கப் வண்டியே துணை. நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும், பிரசவ வலி எடுத்தாலும் மருத்துவமனைக்கு விரைவது அதே வண்டியில்தான். ஆகவே, சாவியைத் திருப்பியதும் 'டிக்' என்ற ஓர் ஒலியோடு வண்டி அடங்கிவிடுவது சிறு தொல்லையன்று.

அவ்வேளையில் நம்மில் பலர் செய்வது யாது? புதிய பேட்டரி வாங்குகிறோம். அதன் பின்னும் கிளம்பாவிடில் ஸ்டார்ட்டரை மாற்றுகிறோம். கையிலிருந்த பணம் கரைந்த பிறகுதான், பழுது அவ்விரண்டிலும் இல்லை, இரண்டையும் இணைக்கும் கம்பி வழியில் இருந்தது என்பது தெரியவருகிறது. பழைய வண்டிகளில் இது அடிக்கடி நேர்வது.

காரணத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். முன்விளக்குகள் இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்சாரம் போதும். ஸ்டார்ட்டரோ, சிறிய பெட்ரோல் எஞ்சினைச் சுழற்றவே 150 ஆம்பியர் வரை கேட்கும்; டீசல் எஞ்சினுக்கு இன்னும் மிகுதி. பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெண்படிவம் 0.02 ஓம் தடையை உண்டாக்குவதாகக் கொள்வோம். விளக்குக்கு இழப்பு 0.2 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டருக்கோ 3 வோல்ட் போய்விடும். "விளக்குதான் எரிகிறதே, பேட்டரி வழி சரியாகத்தான் இருக்கும்" என்று முடிவு செய்வது பிழையாவது இதனால்தான்.

சோதனைக்கு முதற்கருவி வண்டிக்குள் இருக்கும் கூரை விளக்கே. கியரை நியூட்ரலில் வைத்து, கைபிரேக்கை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அடியோடு அணைந்தால், பேட்டரி முனைகளின் பிடி தளர்ந்திருக்கலாம். அல்லது பேட்டரியில் மின்சாரம் தீர்ந்திருக்கலாம். விளக்கு மங்காமலும் ஒலி எழாமலும் இருப்பின், சாவி ஸ்விட்ச், பியூஸ், ஸ்டார்ட்டருக்குச் செல்லும் மெல்லிய கம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மங்காத விளக்கோடு 'டிக்' ஒலி மட்டும் கேட்டால், ஐயம் பெரும்பாலும் சொலினாய்டு மீது விழும். 1980களிலும் 1990களிலும் வந்த ஹைலக்ஸ் வண்டிகளில், சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்துவிடுவது பழுதுபார்ப்போர் நன்கறிந்த செய்தி. அச்சிறு துண்டுகளை மட்டும் மாற்றலாம். முழு ஸ்டார்ட்டரையும் வாங்கத் தேவையில்லை.

நாம் மிகவும் மறந்துபோவது எர்த் கம்பியை. எஞ்சின் வண்டியுடலின் மீது நேரே அமர்ந்திருப்பதில்லை. ரப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்பதைப் பால்மரம் வெட்டிய பரம்பரைக்குச் சொல்ல வேண்டியதில்லை! ஆகவே எஞ்சினிலிருந்து மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்குத் திரும்ப எர்த் கம்பி ஒன்றே வழி. அது துருப்பிடித்தாலோ, கியர்பெட்டியைக் கழற்றி மாட்டியபோது திரும்பப் பூட்டப்படாமல் விடப்பட்டாலோ, மின்சாரம் எண்ணெய் மிதியின் இரும்புக் கேபிள் வழியே ஓடப் பார்க்கும். ஸ்டார்ட் செய்ய முயன்றபின் அக்கேபிள் சுட்டால், எர்த் கம்பியே குற்றவாளி என்று துணியலாம்.

மலிவான வோல்ட்மீட்டர் ஒன்று இருந்தால் ஐயமே எழாது. ஓய்ந்திருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 எனில் பாதியே மிச்சம். பேட்டரி நிறைந்திருந்தும், சாவியைத் திருப்பும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் அது முதிர்ந்துவிட்டது. அடுத்து, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மற்றதை எஞ்சினின் பெயிண்டு பூசாத இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியைக் கவனிக்க வேண்டும்.

சுத்தம் செய்யுமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிடுவது நலம். முதலில் எதிர்முனையைக் கழற்ற வேண்டும்; பூட்டும்போது அதனைக் கடைசியாகப் பூட்ட வேண்டும். ஆப்ப சோடா கலந்த வெந்நீர் வெண்படிவத்தைக் கரைத்துவிடும்; அந்நீர் பேட்டரிக்குள் புகாதிருக்கட்டும். பின்னர் கம்பித்தூரிகையால் ஈயம் பளிச்சிடத் தேய்த்து, இறுகப் பூட்டி, மேலே கிரீஸ் தடவலாம். பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படுவதால் அருகில் சிகரெட் கூடவே கூடாது.

வண்டிக்கு அடியில் படுத்து, ஸ்குரூடிரைவரால் ஸ்டார்ட்டரின் இரு முனைகளையும் தொட்டுக் கிளப்புவதைத் திறமையாகக் கருதுவோர் உள்ளனர். கியர் விழுந்திருந்தால் வண்டி அவர் மீதே ஏறிவிடும். இதை எக்காரணத்தாலும் செய்யலாகாது.

அவசரத்துக்கு அண்டை வண்டியின் பேட்டரியைத் துணைக்குக் கொள்வதாயின், சிவப்புக் கம்பியை முதலில் நம் பேட்டரியின் நேர்முனையிலும், பிறகு அவ்வண்டியின் நேர்முனையிலும் மாட்டுக. கறுப்புக் கம்பியை அவ்வண்டியின் எதிர்முனையில் மாட்டி, அதன் மறுமுனையை நம் பேட்டரியில் அல்லாது, அதற்குச் சற்று விலகிய எஞ்சின் இரும்பில் மாட்டுக; கடைசி இணைப்பில் எழும் தீப்பொறி வாயுவுக்கு எட்டாதிருக்கும். கம்பிகளைக் கழற்றும்போது இவ்வரிசையைத் தலைகீழாக்குக.