டாம் டிமார்கோ (1936–2022)
அவென்யூ ஜே முனையின் பீட்ஸாக்காரர்

நியூயார்க் நகரின் புரூக்ளினில், மிட்வுட் பகுதியில், அவென்யூ ஜேயும் கிழக்கு 15ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் 1965இல் ‘டி ஃபாரா’ பீட்ஸா கடை திறந்தது. இத்தாலியின் கசெர்ட்டா வட்டாரத்தில் பிறந்து, 1959இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டொமினிகோ டிமார்கோவும் அவருடைய தொழில் பங்குதாரரும் தொடங்கிய கடை அது. பின்னர் அது டிமார்கோவுக்கே சொந்தமாயிற்று. எல்லோருக்கும் அவர் ‘டாம்’.

பல பதிற்றாண்டுகள் அங்கே ஏறக்குறைய ஒவ்வொரு பீட்ஸாவையும் அவரே செய்தார். மாவைக் கையால் விரித்து, தக்காளிச் சாறு பரப்பி, இரண்டு வகை மொசரெல்லா பாலாடைக்கட்டி இடுவார். ஒன்று எருமைப்பாலில் செய்தது. மேலே ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றுவார். சூடான தட்டை வெறுங்கையால் அடுப்பிலிருந்து இழுப்பார். அதன்பின் துருவிய கிரானா பாலாடைக்கட்டி. கடைசியாக, பச்சைத் துளசியினமான பேசிலைக் கொத்தாகப் பிடித்து, கத்தரிக்கோலால் பீட்ஸாவின் மேலேயே நறுக்கித் தூவுவார். வேறு யாருடைய கைக்கும் இந்த வேலையை அவர் எளிதில் விட்டதில்லை. அதனால் வரிசை நீண்டது, ஒரு மணி நேரத்துக்கு மேலும் மக்கள் காத்திருந்தார்கள். அவசரமே படாத அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பதும் சாப்பாட்டின் ஒரு பகுதியாகவே இருந்தது.

அவென்யூ ஜே, யூதக் குடும்பங்கள் அடர்ந்து வாழும் தெரு. சுற்றிலும் யூத உணவு விதிப்படி நடக்கும் கோஷர் கடைகள். நடுவே இந்த இத்தாலியக் கடை, நகரின் மறுகோடியிலிருந்தும் ஆட்களை ரயிலேறி வரவைத்தது.

வயதான பின்னும் அடுப்படியில் நின்ற டாம், 2022 மார்ச்சில் 85ஆம் வயதில் காலமானார். அவரோடு அடுப்படியில் உழைத்துத் தொழில் பழகியவர்கள் அவருடைய பிள்ளைகள்.