வாரத்தில் எத்தனை நாள் நடக்க வேண்டும்?

எங்கள் கற்போர் மையம் பெங்களூரில் ஓசூர் சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் கார்மெண்ட்ஸ் கம்பெனிகள் பல உண்டு. மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அங்கே தையல் மெஷினில் வேலை செய்கிறவர்கள். மாலை ஏழரை மணிக்கு மேல்தான் வருவார்கள். வரும்போதே களைத்திருப்பார்கள்.

அவர்களில் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். வயது 42. உயரம் ஐந்தடி. எடை 66 கிலோ. போன ஆண்டு ஒரு மருத்துவ முகாமில் அவருக்கு வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை 114 இருந்தது. அது 100-க்குக் கீழே இருக்க வேண்டும். 126-ஐத் தொட்டால் சர்க்கரை நோய் என்று பொருள். அக்கா இரண்டுக்கும் நடுவில் இருந்தார்.

"நோய் இன்னும் வரவில்லை அம்மா. வாசற்படியில் நிற்கிறது. நாலைந்து கிலோ எடையைக் குறையுங்கள். நடந்து வாருங்கள்" என்றார் டாக்டர்.

அக்காவின் அம்மாவுக்கும் சர்க்கரை நோய்தான். காலில் வந்த புண் ஆறவில்லை. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மாதக் கணக்கில் அந்தப் புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் அக்காதான். அதனால் டாக்டர் சொன்னது அவருக்கு நன்றாகவே உறைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லால்பாக் தோட்டத்துக்குப் போனார். இரண்டரை மணி நேரம் நடந்தார். அங்கே உள்ள பாறை மேலும் ஏறி இறங்கினார். சேலை நனையும் அளவுக்கு வியர்த்தது. வரும் வழியில் மருந்துக் கடையில் எடை பார்த்தார். 700 கிராம் குறைந்திருந்தது! அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் மாலை மீண்டும் எடை பார்த்தார். பழையபடி 66 கிலோ. அதோடு முழங்கால் வேறு வீங்கிவிட்டது. லீவு போட்டால் சம்பளம் போகும். காலை இழுத்துக்கொண்டே வேலைக்குப் போனார். அதன் பிறகு மூன்று வாரம் நடக்கவே இல்லை.

"இரண்டரை மணி நேரம் நடந்தும் ஒன்றும் குறையவில்லை டீச்சர். நடையெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்றார்.

நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். டாக்டர் இல்லை. அன்றைக்கு அவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் உள்ள கிளினிக்கில் நர்ஸம்மாவைக் கேட்டேன். சில புத்தகங்களையும் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குறைந்தது என்ன?

ஞாயிற்றுக்கிழமை குறைந்த அந்த 700 கிராம் கொழுப்பு அல்ல. பெரும்பாலும் வியர்வை. தண்ணீர் குடித்துச் சாப்பிட்டதும் திரும்பி வந்துவிட்டது. வியர்வை கொட்டினால் கொழுப்பு கரைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வியர்க்க வைக்கிறார்கள். அது வீண் செலவு.

உடம்பில் உள்ள கொழுப்பு என்பது சேமித்து வைத்த எரிபொருள். எரிபொருளைக் கலோரி என்ற அளவால் கணக்கிடுகிறார்கள். ஒரு கிலோ கொழுப்பு கரைய வேண்டுமானால் ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். அக்காவின் எடை உள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 125 கலோரி செலவாகும். வாரத்தில் 5 நாள் நடந்தால் 625. இந்த நடையை மட்டும் நம்பினால் ஒரு கிலோ குறைய 12 வாரம் ஆகும்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டபோது அக்காவின் முகம் வாடிவிட்டது. ஆனால் கணக்கு இன்னும் முடியவில்லை. குழம்பிலும் பொரியலிலும் சேரும் எண்ணெயில் ஒரு பெரிய கரண்டி, அதாவது 15 மில்லி, சுமார் 120 கலோரி. அரை மணி நேர நடை ஒரு கரண்டி எண்ணெய்க்குச் சமம்! ஒரு சின்னக் கரண்டி சர்க்கரை 20 கலோரி. அக்கா நாளைக்கு இரண்டு டீ குடிப்பார். ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை.

தினமும் ஒரு பெரிய கரண்டி எண்ணெயைக் குறைத்தால் வாரத்துக்கு 840. டீயில் சர்க்கரையை விட்டால் 560. நடை 625. மூன்றையும் கூட்டினால் 2,025. இப்போது ஒரு கிலோ குறைய நாலு வாரம் போதும்.

இது ஏட்டுக் கணக்குத்தான். உடம்பு அப்படியே கேட்காது. எடை குறையக் குறைய உடம்பு தன் செலவையும் குறைத்துக்கொள்ளும். ஒரு மாதம் இறங்கும். ஒரு மாதம் அப்படியே நிற்கும்.

ஏன் ஒரே நாளில் நடக்கக் கூடாது?

"வாரத்துக்கு இரண்டரை மணி நேரம்தானே? அதைத்தான் நான் ஞாயிற்றுக்கிழமையே நடந்துவிட்டேனே!" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி.

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பிறகும் அந்தப் பழக்கம் ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்கும். பிறகு மங்கிவிடும். ஞாயிறு நடந்தால் செவ்வாய் வரை பலன் இருக்கலாம். புதன், வியாழன், வெள்ளி, சனி என்ன செய்வது? ஏழு நாள் சோற்றை ஒரே நாளில் சாப்பிட முடியுமா? அதனால்தான் நடக்காத நாள் தொடர்ந்து இரண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள்.

முழங்காலையும் நினைக்க வேண்டும். பழக்கமில்லாத காலை ஒரே நாளில் இரண்டரை மணி நேரம் வேலை வாங்கினால் அது வீங்கத்தான் செய்யும். முதல் வாரம் 10 நிமிடம் போதும். அடுத்த வாரம் 15. இப்படி ஐந்தாறு வாரத்தில் அரை மணிக்கு வந்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும். 150 நிமிடம் என்றால் தினம் அரை மணி, வாரத்தில் 5 நாள். இது உடல் நலத்துக்குக் குறைந்த அளவு. எடை குறைய வேண்டும் என்றால் 300-ஐ நோக்கிப் போக வேண்டும். நம் நாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூடி 2012-இல் ஓர் ஆலோசனை வெளியிட்டார்கள். இந்தியர்களுக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் வேண்டும் என்றார்கள். அதில் அரை மணி வேக நடை போன்றது. 15 நிமிடம் வேலையோடு சேர்ந்த அசைவு. 15 நிமிடம் தசைக்குப் பலம் தரும் பயிற்சி.

வாரத்தில் இரண்டு நாள்தான் முடியும் என்றால் அந்த இரண்டு நாளாவது நடங்கள். சும்மா இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

வேகமாக நடப்பது என்றால் எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியக் கூடாது. இதுதான் அளவு.

"நாள் முழுக்க உழைக்கிறேனே, அது பயிற்சி இல்லையா?" என்று எங்கள் மையத்தில் எல்லாப் பெண்களும் கேட்டார்கள். குடம் தூக்கி மாடிப்படி ஏறுகிறீர்கள். துணியை அடித்துத் துவைக்கிறீர்கள். அப்போது மூச்சு வாங்குகிறது அல்லவா? அது கணக்கில் சேரும். ஆனால் தையல் மெஷின் முன் எட்டு மணி நேரம் உட்காருவது சேராது. அடுப்படியில் நிற்பதும் சேராது. களைப்பு வேறு, பயிற்சி வேறு. களைத்துப் போன ஒருவரிடம் "போய் நடங்கள்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் உண்மை அதுதான்.

அரை மணிக்கு எங்கே போவது? அக்கா காலை ஐந்து மணிக்கு எழுகிறார். எட்டு மணிக்கு வேன் வந்துவிடும். அதனால் அரை மணியை மூன்றாகப் பிரித்தோம். வேன் நிற்கும் இடத்துக்கு நேர் வழியில் போகாமல் சுற்றி வேகமாக நடந்தால் 10 நிமிடம். மதியம் சாப்பிட்டபின் கம்பெனி வளாகத்தில் 10 நிமிடம். சாப்பிட்டதும் நடந்தால் சர்க்கரை ஏறுவதும் குறையும். மாலையில் மையத்துக்கு வரும்போது 10 நிமிடம். இப்படித் துண்டு துண்டாக நடந்தாலும் பலன் உண்டு.

மாலை நடைதான் சிரமம். எங்கள் தெருவில் இரண்டு விளக்குகள் எரிவதில்லை. நாய்கள் வேறு. தனியாகப் பெண் ஒருத்தி வேக வேகமாக நடந்தால் திரும்பிப் பார்க்கிறவர்களும் உண்டு. இப்போது நாலு பெண்கள் சேர்ந்து வருகிறார்கள். நாயும் ஒதுங்குகிறது, ஆளும் ஒதுங்குகிறார்.

வாரத்தில் இரண்டு நாள் தசைப் பயிற்சி. சாப்பாட்டை மட்டும் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். அதைத் தடுக்கத்தான் இது. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்திருக்கலாம். சுவரில் இரண்டு கைகளையும் வைத்து உடம்பைத் தள்ளித் தள்ளி எடுக்கலாம். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களைத் தூக்கி இறக்கலாம். செலவே இல்லை.

இன்னொரு செய்தி. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். எல்லாரும் அக்காவைப் போல வாசற்படியில் இருந்தவர்கள். ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. வழக்கம் போல இருந்தவர்களில் மூன்று ஆண்டுகளில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் நடந்து, சாப்பாட்டையும் திருத்திக்கொண்டவர்களில் 100-க்கு 39 பேருக்குத்தான் வந்தது. இதில் வியப்பு என்ன தெரியுமா? அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷினின் முள் அசையாவிட்டாலும் உள்ளே வேலை நடந்திருக்கிறது.

எடை மெஷினைவிடத் தையல் டேப் நல்ல நண்பன் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் பெண்களிடம் அது எப்போதும் இருக்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் சுற்றுங்கள். வயிற்றை எக்கக் கூடாது. மூச்சை விட்டபின் அளவைப் படியுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம் வரை இருக்கலாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், முப்பத்தைந்தரை அங்குலம். அக்காவுக்கு 36 அங்குலம் இருந்தது.

"வீட்டு வேலையை ஒழுங்காகச் செய்தால் போதாதா, நடை எதற்கு?" என்று அக்காவின் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா ஒன்றும் பேசவில்லை. டேப்பை எடுத்து அவர் இடுப்பைச் சுற்றி அளந்தார். 39 அங்குலம்! இப்போது அவரும் ஞாயிற்றுக்கிழமை கூட வருகிறார்.

இது நகரத்துப் பெண்களிடம் வளர்ந்துவரும் தொல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2005-06-இல் நாட்டில் 100 பெண்களில் 13 பேருக்கு எடை அதிகம். 2019-21-இல் அது 24 ஆனது. நகரங்களில் 33. ஆனால் அதே 2019-21 ஆய்வில் 100 பெண்களில் 19 பேர் மிகவும் மெலிந்தவர்கள். உங்கள் எடை குறைவாக இருந்தால் சாப்பாட்டைக் குறைக்கும் பேச்சே வேண்டாம்.

சிலர் டாக்டரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சு வலிக்கிறவர்கள், தலை சுற்றுகிறவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் கேட்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் கேட்க வேண்டும். மருந்தும் நடையும் சேர்ந்து சர்க்கரையை மிகவும் இறக்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, மயக்கம் வந்தால் உடனே சர்க்கரையை வாயில் போட வேண்டும். ஆகவே மடியில் ஒரு பொட்டலம் இருக்கட்டும். செருப்பு கடித்த புண் இருக்கிறதா என்று இரவில் பாதத்தைப் பாருங்கள்.

அக்கா தன் நோட்டில் ஏழு கட்டங்கள் போட்டு வைத்திருக்கிறார். கட்டத்தின் மேல் கிழமைகளை அவரே எழுதியிருக்கிறார். நடந்த நாளில் ஒரு கோடு. ஒன்பது மாதம் ஆகிறது. தீபாவளி சமயத்தில் கம்பெனியில் ஓவர்டைம். அந்தப் பக்கத்தில் கோடே இல்லை. மற்ற வாரங்களில் நாலு, ஐந்து கோடுகள் இருக்கின்றன. எடை 63 கிலோ. இடுப்பு 34 அங்குலம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 104. மூன்று மாதம் கழித்து மறுபடியும் சோதிக்க வரும்படி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். தேதியை நோட்டின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறார்.