சில்லையா, தூக்கணாங்குருவியா?

நெல் பால் பிடித்ததும் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் பக்கம் 'குருவி இறங்கிடுச்சு' என்பார்கள். எந்தக் குருவி? தூரத்தில் எல்லாமே பழுப்புதான். காது கொடுத்தால் தெரிந்துவிடும்.

புள்ளிச்சில்லை 'கிட்டி, கிட்டி' என்று ஒன்றையொன்று கூப்பிட்டபடி கூட்டமாகக் கதிரில் அமரும். அதற்குப் பாட்டும் உண்டு. பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். தூக்கணாங்குருவிக்கு அந்த அடக்கமெல்லாம் கிடையாது! பனை ஓலையில் கூடு பின்னும் ஆண் குருவிகள் சேர்ந்துகொண்டு 'சிட்-சிட்-சிட்' எனத் தொடங்கி, 'ச்சீ...' என்று இழுக்கும். பெண் குருவி வந்தால் இரைச்சல் இன்னும் கூடும்.

இதுவும் நெல் தின்னும்தான். ஆனால், குஞ்சுகளுக்கு வெட்டுக்கிளியும் புழுவும் பிடித்துப் போடும். பனையில் அந்தச் சத்தம் இருக்கும்வரை கூட்டைக் கலைக்காதீர்கள். கதிரில் 'கிட்டி' கேட்டால், மணி முற்றும்வரை காலையும் மாலையும் ஆள் நின்று ஓட்டுங்கள்.