பருந்துக்கும் சாதி வைத்த சொல்

சின்னமுட்டம் துறைமுகத்தில் ஏலம் முடிந்த பிறகு, கழித்துப் போட்ட மீன்குடலுக்குப் பருந்துகள் தாழ இறங்கும். வெள்ளைத் தலையும் செங்காவி முதுகுமாக ஒன்று. உடல் முழுக்கப் பழுப்பேறி, வால் நுனி பிளந்த இன்னொன்று. நிறத்தைப் பார்த்துச் செம்பருந்து, கரும்பருந்து என்றது தமிழ். ஆங்கிலப் பறவை நூல்கள் முன்னதற்குப் ‘பிராமினி’ என்றும் பின்னதற்குப் ‘பரையா’ என்றும் அடைமொழி வைத்தன. இரண்டும் கொத்துவது ஒரே குடலைத்தான்.

அந்தப் ‘பரையா’ நம் ‘பறையர்’தான். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ஏறியபோது அது ஒரு மக்களின் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் ‘எல்லோரும் ஒதுக்கிய’ என்ற பொருள் அதன் மேல் படிந்தது. தெருநாய் ‘பரையா நாய்’ ஆனது. உலகம் உறவை முறித்துக்கொண்ட அரசை ‘பரையா ஸ்டேட்’ என்று ஆங்கில நாளேடுகள் இன்றும் எழுதுகின்றன.

தமிழில் இதன் வேர் எவ்வளவு பெருமைக்குரியது! பறை என்றால் முழவு, சொல்லுதலும் பறைதலே. நிலத்தின் கருப்பொருள்களில் தெய்வத்தோடும் யாழோடும் பறையையும் சேர்த்து எண்ணியது தொல்காப்பியம். குமரி மாவட்டத்தின் மேற்கே, விளவங்கோட்டுப் பக்கம், ‘அவன் பறஞ்சான்’ என்று இப்போதும் பேசக் கேட்கலாம். சேதியை ஊரறியச் சொன்ன கருவியின் பெயர், வாய் திறக்கவே விடாமல் ஒடுக்கப்பட்டவர்களின் பெயராகி, பிறகு வசையாகவும் கடல் கடந்தது.

ஆனால் அந்த மக்கள் ஒதுங்கியே நின்றுவிடவில்லை. அவர்களில் ஒருவரான மயிலாடி மகாராசன், கிறிஸ்தவம் தழுவி வேதமாணிக்கம் ஆனார். அவர் அழைப்பை ஏற்று மிஷனரி ரிங்கல்தௌபே 1806-இல் தென் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. இந்த மண்ணில் எளியவர் பிள்ளைகளுக்கு எழுத்து வந்த வழிகளில் அந்த மிஷனரிப் பணி முக்கியமானது. சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தொடங்கிய இதழுக்கு ‘பறையன்’ என்றே பெயரிட்டார். வசையாக எறியப்பட்ட பெயரைத் தலைநிமிர்ந்து முகப்பில் அச்சிட்டார்.

கரும்பருந்தை இன்று ஆங்கில நூல்களும் நிறத்தால்தான் அழைக்கின்றன. பறவைக்குக் கிடைத்த அந்த மரியாதை மனிதருக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளைகளும் பத்திரிகையாளர்களும் ‘பரையா’ என்ற அடைமொழியைக் கைவிட வேண்டும். ஒதுக்கப்பட்ட நாட்டை ‘ஒதுக்கப்பட்ட நாடு’ என்றே சொல்லலாம். அதற்கு ஒரு சமூகத்தின் பெயர் எதற்கு?