சராசரியைப் பாடங்களோடு சேர்த்துப் பாருங்கள்

அமெரிக்கப் பள்ளிகளில் பொதுவாக 'ஏ' கிரேடுக்கு 4 புள்ளி, 'பி'க்கு 3. இவற்றின் சராசரியே ஜிபிஏ. ஏபி (Advanced Placement) எனப்படும் கல்லூரித் தரப் பாடங்களில் ஒன்றான கடினமான கால்குலஸில் 'பி' வாங்கியவர் 3 புள்ளியோடு நிற்க, எளிய பாடத்தில் 'ஏ' வாங்கியவர் 4 பெறுவது நியாயமா? அதனால்தான் பல பள்ளிகள் ஏபி பாடத்துக்கு 1 புள்ளி கூட்டித் தருகின்றன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ மாணவர் சேர்க்கைக்கு 10, 11ஆம் வகுப்புப் பாடங்களை வைத்துத் தன் கணக்கைத் தானே போடுகிறது. கூடுதல் புள்ளியை 8 செமஸ்டர் பாடங்களுக்கு மேல் சேர்ப்பதில்லை.

பள்ளிக்குப் பள்ளி மதிப்பெண் தாராளம் மாறுகிறதே, பொதுத்தேர்வு போதாதா என்று கேட்பார்கள். மாறுவது உண்மைதான். ஆனாலும் சிகாகோ மாணவர்களைப் பற்றிய 2020ஆம் ஆண்டு ஆய்வில், பட்டப்படிப்பை முடிக்கப்போவது யார் என்பதை ஏசிடி என்னும் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத்தேர்வைவிட ஜிபிஏதான் தெளிவாகக் காட்டியது. பல ஆசிரியர்களிடம், பல பருவங்களில் காட்டிய விடாமுயற்சி அதில் பதிந்திருக்கிறது. அந்த விடாமுயற்சியே முக்கியம் என்பதால், பெற்றோர்களே, சராசரியை உயர்த்துவதற்காகப் பிள்ளைகளை எளிய பாடங்களுக்குத் தள்ளாதீர்கள்.