சரக்கா, கழிவா? ஒரு டிரம் வியாபாரியின் கணக்கு

சங்க மலருக்கு வழக்கமாகச் சமண இலக்கியம் பற்றியே கட்டுரை தருகிற நான், இம்முறை கழிவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர் சிரித்துவிட்டார். “நயினாரே, மலர்னு பேரு வச்சுட்டு அதுல குப்பையைப் போடலாமா?” என்றார். போடலாம் என்றேன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979-இல் அம்பர்நாத் வந்து, பழைய டிரம் வாங்கி விற்றுப் பிழைத்தவன் நான். கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கையால் தொட்டும் கற்றிருக்கிறேன், ஏடுகளில் தேடியும் கற்றிருக்கிறேன். அதில் தெளிந்த ஒரு கணக்கை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. குப்பை என்னும் சொல்

குப்பை என்றால் இன்று நமக்கு அருவருப்பு. பழந்தமிழில் அது குவியல் என்ற பொருளிலும் வழங்கியது. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்றே ஓர் ஊர் இருக்கிறது. குவிந்து கிடப்பது நெல்லா, நஞ்சா என்பதைக் குப்பை என்ற சொல் சொல்லாது. அதைப் பிரித்துப் பார்க்கிறவன்தான் சொல்ல வேண்டும்.

பிரித்துப் பார்க்கிறவர்கள் எங்கும் உண்டு. தமிழ்நாட்டில் காயலான் கடை என்கிறோம். காயல்பட்டினத்தவர் நடத்திய கடைகளால் வந்த பெயர் என்று சொல்வார்கள். இங்கே மும்பையில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் எல்லாம் பங்கார், பழைய காகிதம் ரத்தி. தாராவியின் 13-ஆம் கம்பவுண்டில் நம் மக்களும் பிற மாநிலத்தவரும் அருகருகே உட்கார்ந்து பிளாஸ்டிக்கை வகை பிரிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். இது இழிவான தொழில் அல்ல. பழைய அலுமினியத்தை உருக்கி மறுபடி ஆக்குவதற்கு, தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் மின்சக்தியில் ஏறக்குறைய 5 விழுக்காடு போதும் என்கிறார்கள். பழைய இரும்பு, செம்பு, காகிதம் இவையெல்லாம் கடல் தாண்டி வருவதிலும் தவறில்லை. வாங்குகிறவனுக்குத் தேவை, விற்கிறவனுக்கு மிச்சம். இது வியாபாரம்.

அப்படியானால் தவறு எங்கே தொடங்குகிறது? அதை எனக்குக் கற்பித்தது 22 டிரம் எண்ணெய்.

2. என் குடோனில் கிடந்த 22 டிரம்கள்

1996-ஆம் ஆண்டு. ஒரு தரகர் என் குடோனுக்கு வந்தார். “நயினாரே, வெளிநாட்டு ஆயில். ஃபர்னஸுக்கு அருமையா எரியும். மார்க்கெட் ரேட்டில் பாதிக்கும் கம்மி. வண்டிக் கூலியும் நானே போடறேன். பணம் மூணு மாசம் கழிச்சுக் கொடுங்க, போதும்” என்றார். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இரண்டு பெண் குழந்தைகள். பாதி விலைச் சரக்கை எவன் விடுவான்? முப்பது டிரம் இறக்கினேன். எட்டு டிரம்மை ஒரு சிறிய உருக்குப் பட்டறைக்கு விற்றேன்.

பத்து நாளில் பட்டறைக்காரர் ஆள் அனுப்பினார். புகையில் கண் எரிகிறது, மூச்சு முட்டுகிறது என்று தொழிலாளிகள் வேலையை விட்டு வெளியே ஓடுகிறார்களாம். எண்ணெய் ஊற்றிய பையன், செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவன், இரண்டு கையும் முழங்கை வரை கொப்பளித்து உட்கார்ந்திருந்தான். வைத்தியச் செலவை நான் கொடுத்தேன். கை ஆறியது. ஆனால் அவன் பட்டறைக்குத் திரும்பவில்லை, ஊருக்கே போய்விட்டான்.

மீதி 22 டிரம்மைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். தரகர் காணாமற்போனார். வேறு யாரும் இலவசமாகக்கூட எடுக்கவில்லை. ஒரு டேங்கர்க்காரர் மட்டும் வந்து, “ராத்திரி வால்துனியில் விட்டுடறேன், டிரம்முக்கு இவ்வளவு கொடுங்க” என்றார். வால்துனி அம்பர்நாத்தில் பிறந்து உல்லாஸ்நகர் வழியாகப் போய்க் கல்யாணில் உல்லாஸ் நதியில் கலக்கிற சிற்றாறு. அதற்கு நான் உடன்படவில்லை. டிரம்கள் குடோன் மூலையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. தலோஜாவில் தொழிற்கழிவை முறைப்படி அகற்றும் நிலையம் வந்த பிறகு, பணம் கட்டி அனுப்பினேன். எட்டு டிரம் விற்று வந்த இலாபத்தைப்போல் பல மடங்கு அதற்குச் செலவாயிற்று.

3. பணம் ஓடும் திசை

அந்தச் செலவுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோதுதான் கணக்குப் புரிந்தது. எந்த வியாபாரத்திலும் சரக்கு ஒரு பக்கம் போனால் பணம் எதிர்ப்பக்கம் வரும். நெல்லுக்கும் இது பொருந்தும், நகைக்கும் பொருந்தும், பழைய செம்புக் கம்பிக்கும் பொருந்தும். ஆனால் சரக்கும் பணமும் ஒரே திசையில் ஓடினால், அனுப்புகிறவனே பணமும் கொடுத்து அனுப்பினால், அது சரக்கு அல்ல, கழிவு.

ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு பணக்கார நாட்டில் ஒரு டன் நச்சுக் கசடைச் சட்டப்படி எரிக்க 100 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலைக்காரன் 40 ரூபாயைத் தரகனிடம் கொடுத்து, கொண்டுபோ என்கிறான். அவனுக்கு 60 மிச்சம். தரகன் 15 ரூபாய் கப்பல் கூலி கொடுக்கிறான். சரக்கு இறக்கிவிட்டு வெறுமனே திரும்பும் கன்டெய்னருக்கு வாடகை குறைவு. 25 ரூபாய் அவன் கையில் நிற்கிறது. பிறகு இங்கே என்னைப்போல் ஒருவனிடம் அதையே எண்ணெய் என்று சொல்லி 10 ரூபாய்க்கு விற்றால் அதுவும் இலாபம். எல்லோருக்கும் இலாபம்போல் தெரியும். அந்த 100 ரூபாய்ச் செலவு மட்டும் மறையவில்லை. அது செஞ்சிப் பையனின் கையில் கொப்பளமாக வந்து நின்றது.

வண்டிக் கூலியை விற்கிறவனே போடுகிறேன் என்றபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

4. கோகோவும் ஹைட்டியும்

உலக அளவில் இந்தக் கணக்கு 1980-களில்தான் அம்பலமாயிற்று. 1986-இல் கியான் சீ என்ற கப்பல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குப்பையை எரித்த சாம்பல் சுமார் 14,000 டன்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. துறைமுகம் துறைமுகமாக விரட்டப்பட்டது. ஹைட்டி நாட்டில் உரம் என்று சொல்லிச் சுமார் 4,000 டன்னைக் கடற்கரையில் இறக்கியது. குட்டு வெளிப்பட்டதும் ஓடிப்போய், பெயரை இரண்டு முறை மாற்றிக்கொண்டு, 1988-இல் வெறுங்கப்பலாக வந்து நின்றது. மீதியைக் கடலில் கொட்டிவிட்டார்கள். ஹைட்டியில் கிடந்த சாம்பல் 2002-இல்தான் பென்சில்வேனியாவுக்குத் திரும்பியது.

நைஜீரியாவின் கோகோ என்னும் சிறு துறைமுகத்தில் நடந்தது என் தொழிலுக்கு இன்னும் நெருக்கம். இத்தாலியிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான இரசாயனக் கழிவு டிரம்களை, மாதம் 100 டாலர் வாடகைக்கு ஒருவருடைய வீட்டு மனையில் அடுக்கி வைத்திருந்தார்கள். 1988-இல் விஷயம் வெளியே வந்து, இத்தாலி அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது பெயர். சாம்பலுக்கு உரம் என்று பெயர். என் குடோனுக்கு வந்ததற்கு ஆயில் என்று பெயர். பெயர் மாறினால்தான் கழிவு எல்லை தாண்டும்.

5. பாசெல் உடன்படிக்கை

இந்தக் கொடுமைகளின் விளைவே 1989 மார்ச் 22-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை. 1992 மே 5-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதே ஆண்டு ஜூனில் உறுதி செய்தது. அமெரிக்கா 1990-இல் கையெழுத்திட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை.

அதன் சாரத்தை வியாபாரி மொழியில் சொல்கிறேன். முதலாவது, அபாயக் கழிவை அனுப்பும் முன் என்ன கழிவு, எவ்வளவு, எதற்காக என்று எழுதி, பெறும் நாட்டின் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். இரண்டாவது, ஏமாற்றி அனுப்பியது தெரிந்தால் அனுப்பிய நாடு அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதாவது பெயரை மறைக்காதே, மறைத்தால் திருப்பி எடு. பணக்கார நாடுகளிலிருந்து ஏழை நாடுகளுக்கு அபாயக் கழிவு போவதையே தடுக்கும் திருத்தம் 1995-இல் ஏற்கப்பட்டும், நடைமுறைக்கு வர 2019 டிசம்பர் ஆயிற்று.

6. நாவா ஷேவாவின் 133 கன்டெய்னர்கள்

சட்டம் வந்தும் நம் வாசலிலேயே நடந்த கதை இது. கழிவு இறக்குமதியை எதிர்த்து 1995-இல் ஓர் ஆய்வு நிறுவனம் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. 1997-இல் நீதிமன்றம் பேராசிரியர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் உயர்மட்டக் குழு அமைத்தது. 2003 அக்டோபர் 14-இல் விரிவான உத்தரவுகள் வந்தன.

அந்த வழக்கில்தான் நாவா ஷேவாத் துறைமுகத்தில் கிடந்த 133 கன்டெய்னர்கள் விவகாரம் வந்தது. காகிதத்தில் லூப்ரிகேட்டிங் ஆயில். சோதித்துப் பார்த்தால் அபாயகரமான கழிவு எண்ணெய். 2005 ஜனவரி 5-இல் நீதிமன்றம், கண்காணிப்புக் குழுவின் மேற்பார்வையில் அவற்றை எரித்து அழிக்க வேண்டும், செலவை இறக்குமதியாளர்களே ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

எரிப்பதென்றால் பட்டறை அடுப்பில் எரிப்பது அல்ல. பழைய எண்ணெயில் ஈயம் முதலான உலோகங்களும் பிற இரசாயனங்களும் கலந்திருக்கும். குறைந்த சூட்டில் எரித்தால் அவை புகையோடு மனிதர் நெஞ்சுக்குள் போகும். முறையான உலையில் இரண்டாம் அறை சுமார் 1,100 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், புகையையும் கழுவி வடிகட்ட வேண்டும். அந்த உத்தரவைச் செய்தித்தாளில் படித்த அன்று என் 22 டிரம்மை நினைத்துக்கொண்டேன். ஓடிப்போயிருந்த அந்த 100 ரூபாய்ச் செலவைக் கோர்ட் பிடித்திழுத்து, உரியவன் தலையிலேயே கட்டியது. கெடுத்தவனே செலவு கொடுப்பான் என்பதுதான் அந்தத் தத்துவம்.

7. அதன் பிறகு

கழிவு ஒரு கதவை அடைத்தால் இன்னொரு கதவைத் தட்டும். 2018 தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவை நிறுத்தியதும் அது தென்கிழக்காசியாவையும் நம்மையும் நோக்கித் திரும்பியது. 2019 மார்ச்சில் இந்தியா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்குத் தடை அறிவித்தது. பாசெல் உடன்படிக்கையின் பிளாஸ்டிக் விதிகள் 2021 ஜனவரி முதல் அமலாயின. சூடாக்கி எண்ணெய் வடிப்பதற்காகப் பழைய டயர் இறக்குமதி செய்வதை 2022-இல் நம் அரசு தடுத்தது.

அண்டை நாடான இலங்கையின் உதாரணம் ஊக்கம் தருவது. பிரிட்டனிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்ற பெயரில் கொழும்புக்கு வந்த 263 கன்டெய்னர்களைத் திருப்பி அனுப்பும் வேலை 2020-இல் தொடங்கி 2022 பிப்ரவரியில் முடிந்தது. திருப்பி அனுப்ப முடியும் என்பதற்கு அது சான்று.

8. நானும் பெயர் அழித்தவன்

இவ்வளவு எழுதிவிட்டு என்னைப் பற்றியும் சொல்லாவிட்டால் நியாயம் அல்ல. எங்கள் தொழிலில் பழைய டிரம் வந்தவுடன் முதல் வேலை, லேபிளைச் சுரண்டிவிட்டுச் சாயம் பூசுவது. அப்போதுதான் நல்ல விலை போகும். அந்த டிரம்கள் தாராவி, செம்பூர்ச் சால்களில் தண்ணீர் பிடித்து வைக்கப் போயின. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று வாங்கிய தாய்மார்களுக்குத் தெரியாது. 1996 வரை நானும் அதைச் செய்தேன். கியான் சீ கப்பல் பெயர் மாற்றியதற்கும் நான் லேபிள் சுரண்டியதற்கும் அளவில்தான் வேறுபாடு.

சமந்தபத்திரர் அருளிய இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், இல்லறத்தார் விலக்க வேண்டிய வீண்தீமைகளுள் இம்சாதானம் என்று ஒன்று உண்டு. தீங்கு செய்யும் பொருளைப் பிறர் கையில் கொடுப்பது என்று பொருள். வாள், நெருப்பு போன்றவை அங்கே சொல்லப்படுகின்றன. சிறுவயதில் எங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டபோது, நாம் யாருக்கு வாள் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தேன். லேபிள் இல்லாத டிரம்மும் அதுதான் என்று புரிய எனக்கு ஒரு பையனின் கை வேண்டியிருந்தது.

வியாபார அன்பர்களுக்கு மூன்று கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன். மலிவாக ஒரு சரக்கு வந்தால் கேளுங்கள்: இது எந்த வேலையில் மிஞ்சியது? வண்டிக் கூலியை யார் கொடுக்கிறார்கள், ஏன்? தவறாகப் போனால் யார் திரும்ப எடுப்பார்கள், எழுதித் தருவார்களா? மூன்றுக்கும் பதில் வராவிட்டால் இறக்காதீர்கள்.

வீட்டு அன்பர்களுக்கு ஒன்றே ஒன்று. குடிநீருக்கு நீல டிரம் வாங்கப்போனால், பழைய லேபிளோடு இருப்பதைக் கேளுங்கள். என் கடையில் இப்போது தண்ணீருக்கு என்று கேட்பவர்களுக்கு, உணவுப் பொருள் வந்த டிரம்மை மட்டும் லேபிளோடு கொடுக்கிறோம். பார்க்க அழகாக இருக்காது, விலையும் கொஞ்சம் கூடத்தான். “சாயம் அடிச்சுக் கொடுங்களேன் அண்ணாச்சி” என்று கேட்பவர்கள் உண்டு. என் மகள்தான் இப்போது கல்லாவில் இருக்கிறாள். லேபிளைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் பில் போடுகிறாள்.